தம்பி வாங்கப் போன கைத்துவக்கு

ஹூஸ்டன்
04.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி? இங்கே நாங்கள் மூவரும் சுகம். மாதங்கி வேலைக்குப் போய் வருகிறாள். பிரீத்தா வயலின் படிக்கிறாள்.

கடிதத்தைக் கண்டு திகைத்திருப்பீர்கள். ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்த காலத்துக்குப் பிறகு உங்களுக்குப் பேனையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் சொன்னால் முதல் வசனத்திலேயே சத்தம் போடுவீர்கள். எழுதினால் கடைசிவரை வாசிப்பீர்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுப் பின்கதவை உடைத்துவிட்டார்கள். பட்டப்பகலில். கராஜில் இருந்த சில சாமான்கள் போய்விட்டன. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் எழும்பி நிற்கிறேன். அதனால் ஒரு கைத்துவக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். இங்கே அது பெரிய காரியம் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இருக்கிறது. விலை அதிகம் இல்லாமல், முதன்முதலில் பிடிப்பவனுக்கு ஏற்றதாக ஒன்று. வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆகும்; சனிக்கிழமைகளில் சுடும் இடத்துக்குப் போய் இலக்குப் பார்த்துப் பழகவும் ஆகும். எனக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும்தானே.

கோபிக்காமல் பதில் போடுங்கள். அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

என்றும் உங்கள் தம்பி,
பாலேந்திரா


நோர்பரி, லண்டன்
18.02.2024

அன்புத் தம்பி பாலாவுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. டிராம் ஓட்ட ஏறி உட்கார்ந்துவிட்டால் தெரியாது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கடைசிவரை வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் சத்தம் போட்டேன். அத்தான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

வீட்டுக்குள் துவக்கா? பதினொரு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டிலா? துவக்கு வைத்திருந்தவர்களிடமிருந்து தப்பித்தானே நீயும் நானும் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனோம். குரோய்டனில் அந்தப் பெரிய கட்டிடத்தில் வரிசையில் நின்று, என் அகதி வழக்கை எழுதிக் கொடுத்தபோது, எத்தனை தரம் அந்தச் சொல்லை எழுதினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கள்ளர் இங்கேயும் வருகிறார்கள். போன தைப்பொங்கலுக்குக் கோயிலுக்குப் போன நேரம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் நகை போனது. நாங்கள் கதவுக்கு இரும்புப் பட்டை அடித்தோம், அலாரம் போட்டோம், நகையைப் பாங்கில் வைத்தோம். இந்த நாட்டில் நீ நினைப்பதை வாங்கவே ஏலாது. பிடித்தால் வருடக்கணக்கில் உள்ளே. அத்தான் சொல்கிறார்: “அவன்ர ஊர் வேற, எங்கட ஊர் வேற. நீர் இஞ்ச இருந்து சட்டம் கதைக்காதயும்.” அவர் எப்போதும் உன் பக்கம்.

ஒன்று கேட்கிறேன். மாதங்கி என்ன சொல்கிறாள்? நீ எழுதிய இரண்டு பக்கத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை.

அன்புடன்,
அக்கா சுசிலா


ஹூஸ்டன்
03.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். நீங்கள் சத்தம் போட்டது எனக்கு இங்கேயே கேட்டது.

மாதங்கிக்கு மறுப்பு இல்லை. பிள்ளையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். விரல் வைத்தால் மட்டும் திறக்கிற சின்ன இரும்புப் பெட்டிகள் விற்கிறார்கள். அதற்குள்தான் இருக்கும்.

போன சனிக்கிழமை சுடும் இடத்துக்குப் போனேன். அங்கே வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்க்கலாம். காதை மூடக் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. கடையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மிகவும் பொறுமைசாலி. முதலில் பழைய ரிவோல்வர் ஒன்றைத் தந்தாள். ஒரு காலத்தில் பொலிஸ்காரர் வைத்திருந்ததாம். மலிவு, பழுதாக ஒன்றும் இல்லை, விசையை இழுத்தால் வேலை செய்யும். ஆனால் விசை கடினம், கையை மேலே தூக்கி அடிக்கிறது. பிறகு புது பிஸ்டல் ஒன்று, ஒன்பது மில்லிமீற்றர். விலை கிட்டத்தட்ட அதேதான். கைக்குள் அடங்குகிறது, உதைப்பும் குறைவு. மூன்றாவதாகச் சின்ன ரவைக் குண்டு போடுகிற ஒன்று. பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை என்றாள், ரவையும் சரியான மலிவு; ஆனால் வீட்டுக் காவலுக்கு அது போதாதாம்.

இருபது அடி தூரத்தில் ஒரு கடதாசி மனிதன். பத்தில் நாலுதான் பட்டது. ஆனால் சுடுகிற அந்த நேரம் தலைக்குள் ஒரு சத்தமும் இருக்கவில்லை. எவ்வளவோ நாளுக்குப் பிறகு.

மற்றும்படி புதினமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உடம்பைக் கவனியுங்கள்.

தம்பி,
பாலேந்திரா


நோர்பரி
16.03.2024

அன்புத் தம்பி,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்பதாம் திகதி பிரீத்தாவின் பிறந்தநாள். உன் போனுக்கு ஐந்து தரம் எடுத்தேன். வீட்டு நம்பர் வேலை செய்யவில்லை. மாதங்கியின் போன் யாரோ வேறு ஆளிடம் போகிறது. பின்னேரம், ‘எல்லாரும் வெளியில நிக்கிறம் அக்கா, தாங்ஸ்’ என்று நீ ஒரு வரி அனுப்பினாய். நான் போட்ட வாழ்த்து அட்டை வந்ததா? பிள்ளையிடம் சொல்லி இரண்டு வரி எழுதி உன் கடிதத்துக்குள் வை. அவளுடைய தமிழ் எழுத்தைப் பார்க்க ஆசை.

துவக்கு விசயத்தில் நான் ஒன்றும் தெரியாமல் கதைக்கிறேன் என்று நினைப்பாய். அதனால் தெரிந்த ஆளைப் பிடித்தேன். எங்கள் டிப்போவில் வேலை செய்கிற சண்முகநாதன் அண்ணையின் மகள் கஜந்தினி, பல் டொக்டருக்குப் படித்தவள், சட்டன் பக்கத்தில் ஒரு கிளப்பில் இலக்குச் சுடுகிறாள். போன கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தோசை சுட்டுக் கொடுத்துக் கேட்டேன்.

“அன்ரி, இஞ்ச அந்த மாதிரி பிஸ்டல் வச்சிருக்க ஏலாது. நாங்கள் சுடுறது காத்தால சுடுற எயார் பிஸ்டல். ஆனா பழகுற முறை ஒண்டுதான்” என்றாள். “வாங்குறது ஈசி. பழகுறதுதான் செலவு. ஒருக்காப் போனா நூறு தரமாவது சுடோணும். முதல் ஆறு மாசம் கடதாசியில படுறதே பெரிய விசயம். மாமாவைச் சின்ன ரவை போடுறதை வாங்கச் சொல்லுங்கோ. பெட்டி பெட்டியா வாங்கிச் சுட்டுத் தள்ளலாம்.”

ஆகவே, நீ வாங்குவதாகவே முடிவு செய்திருந்தால், பழகுகிறதை வாங்கு. என்னால் இவ்வளவுதான் இறங்கி வர ஏலும்.

‘தலைக்குள் சத்தம் இல்லை’ என்று எழுதியிருந்தாய். மற்ற நேரத்தில் என்ன சத்தம், பாலா?

அன்புடன்,
அக்கா


ஹூஸ்டன்
06.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அட்டை வந்தது. பிரீத்தாவுக்குப் பரீட்சை, அதனால் எழுத நேரமில்லை.

ஒன்பது மில்லிமீற்றர்தான் எடுக்கிறேன். பத்திரம் நிரப்பிக் கொடுத்தாயிற்று. என்னைப் பற்றி விசாரித்து அனுமதி சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகுமாம். செவ்வாய் அல்லது புதனில் போய் எடுப்பேன்.

கடைக்காரி அன்றைக்குக் கொஞ்சம் வேறுமாதிரி இருந்தாள். பயிற்சிக்கு எத்தனை பெட்டி ரவை வேண்டும் என்று கேட்டாள். பெட்டி வேண்டாம், துவக்குக்குள் போடுகிற அளவு போதும் என்றேன். சில்லறையாக விற்பதில்லை என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், நித்திரை வருகிறதா என்றெல்லாம் கேட்டாள். இவளுக்கு எதற்கு என் நித்திரை? மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் எனக்காக அந்தக் காலத்தில் செய்தது எல்லாம் நினைவில் இருக்கிறது. இடைக்கிடை அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அத்தானிடமும் சொல்லுங்கள்.

பாலேந்திரா


ஸ்காபரோ, கனடா
10.04.2024

அன்புள்ள சுசிலா மச்சாளுக்கு,

நீங்களும் அண்ணையும் நலமாக இருக்க வேண்டும். நானும் பிள்ளையும் சுகம்.

பிரீத்தாவுக்கு நீங்கள் போட்ட அட்டை இங்கே வந்து சேர்ந்தது. ஹூஸ்டன் விலாசத்தை வெட்டிவிட்டு அவருடைய கையெழுத்தில் அம்மா வீட்டு விலாசம் எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான், நாங்கள் இங்கே இருப்பது உங்களுக்குத் தெரியாதோ என்று சந்தேகம் வந்தது. அவர் சொல்லியிருப்பார் என்று இவ்வளவு நாளும் நினைத்தேன்.

நவம்பரில் வந்துவிட்டோம். செப்டெம்பரில் கம்பெனியில் அவரை வேலையால் நிற்பாட்டினார்கள். பதினேழு வருடம் எண்ணெய்க் குழாய்களுக்கு வரைபடம் கீறிய மனிதர். ஒரு நாள் காலையில் கம்பெனி அட்டையை வாங்கிவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதை எனக்கே மூன்று கிழமை சொல்லவில்லை. வேலைக்குப் போவதுபோல் வெளிக்கிட்டு எங்கேயோ காருக்குள் இருந்திருக்கிறார். தெரிந்த பிறகு ஒருவரோடும் கதைப்பதில்லை. சாப்பாட்டைக் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்தால்தான் சாப்பிடுவார். பிரீத்தா பள்ளிக்கூடத்தில் அழுதாள் என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். டொக்டரிடம் போவோம் என்று கெஞ்சினேன். “எனக்கென்ன விசரா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் பெட்டியை அடுக்கினேன். அது பிழையா சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் பிள்ளையோடு ஞாயிறு கதைப்பார். இரண்டு மாதமாக அதுவும் இல்லை. போன கிழமை அவளுடைய பெயரில் பாங்கில் இருக்கிறதெல்லாம் எழுதி வைத்த பத்திரம் தபாலில் வந்தது. எதற்கென்று விளங்கவில்லை.

உங்களோடு கதைக்கிறாரா, மச்சாள்?

அன்புடன்,
மாதங்கி


நோர்பரி
20.04.2024

பாலா,

உன் கடிதமும் மாதங்கியின் கடிதமும் இன்று காலை ஒன்றாக வந்தன. சுகம் விசாரித்து எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை.

இதைத் தபாலில் போட நேரமில்லை. படம் எடுத்து நிரூபனுக்கு அனுப்புகிறேன். ஜேர்மனியில் உன்னோடு ஒரே அறையில் கிடந்தவன், உன் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில் இருக்கிறான், அவனுக்கும் நீ ஒன்றும் சொல்லவில்லை. இதை அச்சடித்துக் கொண்டுவந்து உன் கையில் தருவான். கதவைத் திற. திறக்காவிட்டால் பொலிஸைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அதை உனக்குத் தெரியாமல் செய்ய விருப்பமில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாதங்கியின் கடிதத்தில் இருந்த நம்பருக்கு எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளைக் கோபிக்காதே. உன் பின்கதவை ஒருவரும் உடைக்கவில்லை என்றும், இரண்டு வீடு தள்ளித்தான் போன வருடம் அப்படி நடந்தது என்றும் அவள் சொன்னாள்.

கஜந்தினிக்குப் போன் எடுத்து, நீ கடையில் கேட்டதை வாசித்துக் காட்டினேன். அவள் அந்த வரியைத் திருப்பி வாசிக்கச் சொன்னாள். பிறகு, “அன்ரி, பழகப்போற ஆள் ரவை வேண்டாம் எண்டு சொல்லாது. நீங்கள் மாமாவை உடன கேளுங்கோ. சுத்தி வளைக்காதேங்கோ” என்றாள்.

அதனால் கேட்கிறேன். பாலா, நீ சாகப் போகிறாயா?

இப்படிக் கேட்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அத்தானுக்குக்கூட முழுதாகச் சொல்லாத விசயம். போன ஒக்டோபரில் முதுகு நோ என்று மூன்று கிழமை வேலைக்குப் போகவில்லை, நினைவிருக்கிறதா? முதுகில் ஒன்றும் இல்லை. ஒரு பின்னேரம் விம்பிள்டனிலிருந்து டிராம் ஓட்டி வந்துகொண்டிருந்தேன். ஒரு மனிதன் வேலியைத் தாண்டி வந்து தண்டவாளத்தின் நடுவில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல உடுப்பு, கையில் வேலைப் பை. இருந்த பிரேக் எல்லாவற்றையும் பிடித்தேன். அவனுக்கும் டிராமுக்கும் இடையில் ஒரு கதவகலம் இருந்தது. பெட்டிகளுக்குள் ஆட்கள் விழுந்து கத்துகிறார்கள். நான் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

அவன் கல்லில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, சாகவா வந்தீர் என்று கேட்டேன். ஓம் என்றான். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அழுதான். அம்புலன்ஸ் வரும்வரை என் மஞ்சள் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னான். எட்டு மாதமாம்.

நான் வீட்டுக்கு வந்து யோசித்தது அவனுடைய அக்காவைத்தான். அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாளோ இல்லையோ தெரியாது. இருந்தால் அந்த எட்டு மாதமும் அவள் எங்கே இருந்தாள் என்று கோபப்பட்டேன். இப்போது அந்த அக்கா நான்தான். நீ நவம்பரிலிருந்து தனியாக இருக்கிறாய். நான் உனக்குத் தோசைக் கதையும் இரும்புப் பட்டைக் கதையும் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நீ எடுத்துவிட்டாயா, அது இப்போது வீட்டில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் பெட்டியோடு நிரூபனிடம் கொடு. அவன் ஒரு கேள்வியும் கேட்கமாட்டான். அங்கே இப்படி நினைக்கிறவர்கள் கதைக்க 988 என்று ஒரு நம்பர் இருக்கிறதாம், எந்த நேரமும் ஆள் இருப்பார்களாம். நிரூபன் பக்கத்தில் இருக்கும்போதே எடு. நான் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. நீ வேண்டாம் என்றாலும் வருவேன்.

வேலை போனதற்காக நீ எங்களுக்குக் குறைந்துபோகவில்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் எழுது.

அக்கா


ஹூஸ்டன்
20.04.2024, பின்னேரம்

அக்கா,

நிரூபன் மேசைக்கு மற்றப் பக்கம் இருக்கிறான். இதையும் படம் எடுத்து அனுப்புவான்.

அவனை வெளியில் ஒரு மணித்தியாலம் நிற்க வைத்துவிட்டேன். அவன் மணி அடிக்கவில்லை. கதவுக்கு வெளியே படியில் இருந்துகொண்டு, “மச்சான், நான் இஞ்சதான் இருக்கிறன். அவசரமில்லை” என்று மட்டும் சொன்னான். உங்கள் கடிதத்தை ஒவ்வொரு தாளாகக் கதவுக்குக் கீழே தள்ளினான். ஒன்றை வாசித்து முடித்துவிட்டு, அடுத்ததைத் தா என்று நானே கேட்க வேண்டியிருந்தது.

பத்தாம் திகதி புதன்கிழமையே எடுத்துவிட்டேன். இப்போது அது அவனுடைய காருக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்த நம்பருக்கும் எடுத்தோம். ஒரு பொடியன், பிரீத்தாவின் வாத்தியார் மாதிரிக் குரல். நாற்பது நிமிடம் கதைத்தேன். இன்றைக்கு நிரூபன் வீட்டில் படுக்கை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஓம்.

எழுதிவிட்டேன். வாருங்கள்.

பாலா


நோர்பரி, லண்டன்
22.06.2024

அன்புள்ள மாதங்கிக்கு,

நீயும் பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் என் பழக்கம். அதனால், அக்காவோடு லண்டனுக்கு வந்த பிறகு எப்படி இருக்கிறேன் என்று கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். டொக்டர் தந்த குளிசை போட்டு எட்டாவது கிழமை. வாய் காய்கிறது, காலையில் எழும்ப ஏலாமல் இருக்கிறது. நித்திரை வருகிறது. ஹூஸ்டன் டொக்டரோடு ஒவ்வொரு வியாழனும் கம்பியூட்டரில் கதைக்கிறேன். சில நாள் நல்லது. போன செவ்வாய் நல்லதில்லை. அதை அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். அவ சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தா.

நான் வாங்கிய சாமானைப் பற்றி உனக்கு நானே சொல்ல வேண்டும். அக்கா வந்த மூன்றாம் நாள் அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தோம். நிரூபன் உள்ளே கொண்டுபோனான். நான் காருக்குள் இருந்தேன். அந்தப் பெண் வெளியே வந்து காரின் கண்ணாடியைத் தட்டினாள். “அன்றைக்கே உன்னிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விற்றுவிட்டேன், இரண்டு கிழமையாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றாள். தன் மகனை அப்படித்தான் இழந்தாளாம். என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

நீ போனது பிழை இல்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தான் போனாய். கராஜ் வாசலில் நீ தட்டை வைத்துக்கொண்டு நின்ற நாட்களில் எனக்கு உன்னை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொல்லத் தெரியாமல் கத்தினேன். அக்காவுக்கு எழுதிய கடிதங்களில், நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதுகிறபோது, அது உண்மையாகவே இருக்கிற ஒரு வீடு அந்தத் தாளுக்குள் இருந்தது. அதை விட மனம் வரவில்லை.

உன்னை வா என்று கேட்டு இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு கதைக்க விடுவாயா? எங்கே இருந்தேன், ஏன் கதைக்கவில்லை என்று அவள் கேட்டால், எனக்கு வருத்தம், சுகமில்லாமல் இருந்தேன் என்று சொல்லப் போகிறேன். உனக்குச் சரியென்றால் மட்டும்.

இங்கே பகலில் அத்தான் தோட்டத்தில் வேலை தருகிறார், கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் விடுவது, பழைய தகரம் அடுக்குவது. நேற்று அக்காவின் டிராமில் ஏறினேன். அவ ஓட்டுகிற இடம் கண்ணாடி அடைத்தது, கதைக்க ஏலாது. விம்பிள்டன்வரை போய்த் திரும்பி வந்தேன், அவவுக்குப் பின்னால் முதல் சீற்றில். முதல் நிறுத்தத்தில் கதவு திறந்ததும், மூட முன்னர், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தா. அடுத்த நிறுத்தத்திலும் பார்த்தா. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். எல்லா நிறுத்தத்திலும் அப்படித்தான். நான் இருந்தேன்.

அன்புடன்,
பாலேந்திரா